பிணத்துக்குப் பத்து இலட்சம். பிழைக்க வந்தவனுக்கு என்ன?



செஞ்சிச் சீமையிலே தொண்டூர் என்றோர் ஊர். கோட்டை பார்க்க வருகின்ற கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஊரை ஒட்டிய பாறைக் குன்றிலே, வெறும் கல்லில் செதுக்கிய படுக்கைகள். அவற்றின் அருகே தமிழ் பிராமி எழுத்திலே ஒரு கல்வெட்டு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். ஊரையும் உறவையும் உடைமையையும் துறந்துவிட்ட சமண முனிவர்கள் அங்கே தங்கினர். ஊரார் அவர்களுக்கு இடம் அமைத்துக் கொடுத்தனர்.

கள்ளையும் ஊனையும் தேனையும் விலக்கு என்று இல்லறத்தாருக்கே விதித்த நெறி அது. ஆனால் அந்தக் கல்லைப் பற்றி எண்ணும்போது என் சிந்தையைக் கவர்வது அந்த விலக்கு அன்று. படுக்கை ஒன்றோடு நிற்கவில்லையே, அதுதான். அனைத்தையும் துறக்கத் துணிந்தவனுக்கும் பக்கத்திலே இன்னொரு படுக்கை வேண்டியிருந்தது. துறவுக்கே துணை தேவைப்பட்டது. அந்தத் துணைக்குச் சங்கம் என்று பெயரும் சூட்டினார்கள்.

அதே தொண்டூரிலே இன்று ஒருவர் குடியைத் துறக்க எண்ணினால் அவருக்குத் துணை யார்? இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் வைக்கின்ற வினா இதுதான். வினா சிறியது, விடை கூறக் கடமைப்பட்டவர்களோ பெரியவர்கள், கோட்டையிலே கொலுவிருப்பவர்கள். செஞ்சிக் கோட்டையைச் சொல்லவில்லை; செயின்ட் ஜார்ஜ் கோட்டையைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பொழுது புலருமுன்பே செஞ்சிச் சந்தையில் ஆடுகள் கைமாறும். அறுவடைக் காலத்திலே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வாயிலில் — 'கமிட்டி' என்றால்தான் நம்மவருக்குச் சட்டென்று விளங்கும் — நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். உழைத்தவன் கையில் ஆண்டுக்கு நாலைந்து முறை பணம் புரளுகின்ற இடங்கள் இவை. பணம் புரளும் இடத்தை நாடி வருபவன் வட்டிக் கடைக்காரன் மட்டும்தானா? பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கதவு திறக்கிறது. இரவு 10 மணிக்கு அடைபடுகிறது. 2024 பிப்ரவரியிலே சாதாரண வகைக் குவார்ட்டர் புட்டியின் விலை 140 ரூபாய் ஆயிற்று. நாளுக்கு ஒன்று என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 51,100 ரூபாய். 2023 செப்டம்பரிலே மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அரசு கொடுத்தது மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. மனைவியின் வங்கிக் கணக்கிலே பன்னிரண்டாயிரத்தைப் போட்டுவிட்டு, கணவனின் சட்டைப் பையிலிருந்து ஐம்பத்தோராயிரத்தை எடுத்துக் கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளாதார மேதைகள் என்ன பெயர் வைப்பார்களோ! நாட்டுப்புறத்திலே இதற்கு ஒரு பெயர் உண்டு. ஏட்டிலே எழுதக் கூடாது.

போகட்டும். பணக் கணக்கை விடுங்கள். பிணக் கணக்குக்கு வருவோம்.

2023 மே திங்கள். நம் விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் பக்கம், எக்கியார்குப்பம். சாராயம் என்று நம்பி வாங்கிக் குடித்தார்கள்; உள்ளே போனது மெத்தனால். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதே நஞ்சு. இரு மாவட்டத்திலுமாக 20க்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த ஈரம் காய்வதற்குள் 2024 ஜூன், கள்ளக்குறிச்சி, கருணாபுரம். 2019 வரை நம் மாவட்டத்தோடு ஒட்டியிருந்த மண். அங்கே மாண்டவர்கள் 60க்கும் மேல். மெத்தனால் உடலுக்குள் சென்று பார்மிக் அமிலமாக மாறுகிறது, கண்ணின் நரம்பைக் கெடுக்கிறது, பார்வை மங்குகிறது, மூச்சு திணறுகிறது. தாயையும் தந்தையையும் ஒரே வாரத்திலே பறிகொடுத்த பிள்ளைகள் கருணாபுரத்திலே உண்டு.

அரசு ஓடோடி வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலைக்குப் பத்து இலட்சம் என்று அறிவித்தது. 2023இலும் அதே தொகை, 2024இலும் அதே தொகை. கொடுத்ததைக் குறை கூற மாட்டோம். தாலி இழந்தவளுக்கும் தகப்பனை இழந்த குழந்தைக்கும் அது சோறு. ஆனால் ஒன்று கேட்கிறோம்: இறந்த மறுநாள் பத்து இலட்சத்தோடு வந்த அரசாங்கம், இறப்பதற்கு முந்தின நாள் எங்கே இருந்தது?

பொழுது விடியும் நேரத்திலே பாக்கெட் சாராயம் தேடிப் போகிறவன் யார், எண்ணிப் பாருங்கள். இன்பம் நாடிப் போகிறவனா? அவன் மாலையிலே போவான், கூட்டாளியோடு போவான், சிரித்துக்கொண்டு போவான். விடியலிலே தனியாகப் போகிறவனுக்குக் கை நடுங்குகிறது. தேநீர்க் குவளையைத் தூக்கினால் பாதி சிந்துகிறது. வயிறு குமட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அரசாங்கக் கடை திறக்க நண்பகல் ஆகும். அதுவரை அவனால் நிற்க முடியாது. நடுக்கத்தை நிறுத்தத்தான் குடிக்கிறான். அவனுக்கு அது மருந்து வேளை. அந்த வேளையைத் தெரிந்துதான் கள்ளச்சாராயக்காரன் கடை விரிக்கிறான். கடை திறக்கும் நேரத்தைச் சட்டத்திலே எழுதியவர்கள் இவன் கை நடுங்கும் நேரத்தை எழுதவில்லை.

"மதுவிலக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார் சிலர். வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆயினும் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுங்கள். 1937 அக்டோபரிலே இராசாசி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டு வந்தார். 1948இல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கை விரித்தவர் நம் அண்டை ஊர்க்காரர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரார். 1971இலே கதவு திறந்தது, 1974இலே மூடிற்று, 1981இலே மறுபடி திறந்தது. 1983இலே டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003இலே சில்லறை விற்பனையையும் அரசே கையில் எடுத்துக்கொண்டது. மதுவுக்கு ஈடாக வந்த வரியும் நிலைத்தது. போன மதுவும் திரும்பி வந்து பக்கத்திலேயே குந்திக்கொண்டது! 2015 சூலை 31ஆம் நாள், மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரைக் கொடுத்தார். அந்தத் தியாகத்துக்குத் தலை வணங்குகிறோம். 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடினார்கள். மூடப்பட்ட கடையின் எதிரே நின்ற மனிதன் அடுத்த ஊர்க் கடைக்கு நடந்தான்.

திறந்த காலத்திலே அவனிடம் விற்றார்கள். மூடிய காலத்திலே அவனைச் சிறையில் தள்ளினார்கள். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு ஆட்டத்திலே, "வா, உட்கார், உன் நோய் என்ன?" என்று அவனைக் கேட்டவர் எத்தனை பேர்?

நோய் என்கிறேன், முகம் சுளிக்காதீர்கள். 1956ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் குடி அடிமைத்தனத்தை மருத்துவம் பார்க்கப்பட வேண்டிய நோய் என்று ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலே 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, குடியால் கேடுறுவோரும் அதற்கு அடிமையாகிவிட்டோரும் 5.7 கோடிப் பேர் என்றது. அடிமையாகிவிட்டோரில் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்தவர் 38 பேருக்கு ஒருவர்; மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். காலராவுக்கு இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் அமைச்சரவை கவிழ்ந்திருக்கும்.

"அவனுக்கு மனவுறுதி இல்லை ஐயா, விட நினைத்தால் விட்டுவிடலாம்" என்று திண்ணையிலே தீர்ப்புக் கூறுவோரும் உண்டு. அவர்களிடம் ஒரு கேள்வி. கார்த்திகை பிறந்ததும் நம்மூரிலே மாலை போடுகிறார்களே, அவர்களில் ஆண்டு முழுதும் குடித்தவர் எத்தனையோ பேர் உண்டு அல்லவா? நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடை வாசலில் நிற்கிறார். மனவுறுதி இல்லாதவருக்கு நாற்பத்தெட்டு நாள் எங்கிருந்து வந்தது? மனவுறுதி உள்ளவருக்கு நாற்பத்தொன்பதாம் நாள் எங்கே போயிற்று?

பக்தி என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். சற்று உற்றுப் பாருங்கள். விடிகாலையில் சேர்ந்து குளிக்கிறார்கள். மாலையில் ஓரிடத்தில் கூடுகிறார்கள். பத்து முறை மலை ஏறிய குருசாமி ஒருவர் இருக்கிறார். தடுமாறினால் அவரிடம் போகலாம். நேற்றுவரை "டேய்" என்று விளித்தவன் இன்று "சாமி" என்கிறான். வீட்டிலே மனைவி மரியாதையோடு சோறு போடுகிறாள். தெருவே அவனுக்குக் காவல். கழற்றி வைத்தது மாலையை மட்டும் அல்ல, கூட்டத்தையும், குருசாமியையும், மரியாதையையும்! குடிநோயாளி எதனால் எழுகிறான், எதனால் மறுபடி விழுகிறான் என்பது நம் தெருவிலேயே ஆண்டுதோறும் நடந்து காட்டப்படுகிறது; நாம்தான் பார்ப்பதில்லை.

இதை 1935ஆம் ஆண்டிலே கடல் கடந்த ஊரொன்றில் இரண்டு பேர் கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். வணிக வேலையாக நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்சன், வந்த காரியம் கெட்டு விடுதிக் கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மதுக்கூடத்துச் சிரிப்பொலி, மறுபுறம் தொலைபேசி. தொலைபேசியை எடுத்தார். மருத்துவரைத் தேடவில்லை, அறிவுரை கூறுவோரைத் தேடவில்லை. தன்னைப் போலவே அவதிப்படும் இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். அறுவைக்குப் போகுமுன் கைநடுக்கம் தீரக் குடித்த மனிதர். சந்தித்துச் சில வாரங்கள் கழித்து, ஜூன் 10ஆம் நாள், அந்த மருத்துவர் தம் கடைசிக் குடியைக் குடித்தார். அந்த நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் கூட்டுறவின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். 1957இலே அது பம்பாயில் கால் ஊன்றிற்று. தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன.

அங்கே என்னதான் செய்கிறார்கள்? மந்திரம் இல்லை, மாயம் இல்லை. ஓர் அறை, பத்துப் பதினைந்து நாற்காலி, ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒருவர் எழுந்து தம் பெயரை — முழுப் பெயர் வேண்டியதில்லை — கூறுகிறார். "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். தாம் வீழ்ந்த கதையையும் எழுந்த கதையையும் சொல்கிறார். குறுக்கே யாரும் பேசுவதில்லை. "வாழ்நாள் முழுதும் குடிக்க மாட்டேன்" என்ற வீரச் சபதம் அங்கே கிடையாது. "இன்று ஒரு நாள்" என்பார்கள். பழையவர் ஒருவர் புதியவருக்கு வழித்துணையாகிறார். இரவு பத்து மணிக்கு நாக்கு வறண்டால் அவரை அழைக்கலாம். அழைத்தவனால் அழைக்கப்பட்டவனும் காப்பாற்றப்படுகிறான். ஆக்ரன் விடுதியிலே நடந்தது அதுதானே! கட்டணம் இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. செலவை உறுப்பினர்களே தங்களுக்குள் பார்த்துக் கொள்கிறார்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' என்று தனிக் குழு 1951 முதல் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் யாரிடமும் சொல்ல முடியாமல் தலையணையிலே அழுகிறார்களோ, அவர்களுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

"இதெல்லாம் கதை, சான்று என்ன?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். 2020இலே காக்ரேன் நிறுவனத்தின் ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். குடியை அறவே விட்டு நிலைத்திருப்பதில், இத்தகைய குழுக்களில் முறையாகச் சேர்த்துவிடப்பட்டவர்கள் மற்றப் புகழ்பெற்ற உளச் சிகிச்சை பெற்றவர்களைவிட மேலாகவே நின்றார்கள். மருத்துவச் செலவும் குறைந்தது. எல்லாரும் மீண்டார்களா? இல்லை. வந்தவர்களில் பலர் போய்விடுகிறார்கள். மறுபடி விழுகிறவர்கள் உண்டு. விழுந்து மறுபடி வருகிறவர்களும் உண்டு. அறையிலே நாற்காலி காத்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

சென்னையிலே சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இலே தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைப் பலரும் அறிவர். பெருந்தொழில் குடும்பத்து மருமகள். குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர். இந்த நோய் மாடி வீட்டையும் விடுவதில்லை, மண் குடிசையையும் விடுவதில்லை. அந்த நிறுவனம் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று, ஊரார் துணையோடு முகாம் நடத்திற்று. குடும்பத்தையும் அழைத்து உட்கார வைத்தது. சிற்றூரிலே இது நடவாது என்பவர்களுக்கு அதுவே மறுமொழி.

இப்போது நம் வீட்டுக் குறையைப் பேச வேண்டும். கட்சி ஏட்டிலே கட்சிக்காரனைப் பற்றி எழுதக் கூடாதென்று யாராவது கோபித்துக் கொண்டால், அந்தக் கோபத்தை நான் தாங்கிக் கொள்கிறேன். மேடையிலே மதுவின் கேட்டை முழங்குகிறோம். மாநாட்டு லாரியின் அடியிலே உருளும் புட்டிகள் யாருடையவை? தேர்தல் நாளுக்கு முந்தின இரவு பிரியாணியோடு போகும் புட்டியை எந்தக் கட்சி அறியாது? இதிலே கொடிக்குக் கொடி வேறுபாடு நான் காணவில்லை. கிளைச் செயலாளர் குடிநோயாளியாகி, அவர் வீட்டில் அடுப்பு எரியாதபோது, "நல்ல தொண்டர், கொஞ்சம் பழக்கம்தான் கெடுத்துவிட்டது" என்று இரங்கற் கூட்டத்திலே கூறி மலர் தூவினோம். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு மாலைப் பொழுதாவது பக்கத்தில் உட்கார்ந்தோமா?

இதைச் சொன்னவுடன் வேகம் கொண்ட தோழர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் கட்சியே குழு தொடங்கட்டும், மாவட்டச் செயலாளர் திறந்து வைக்கட்டும்" என்பார். வேண்டாம்! கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். அமெரிக்காவிலே 1840இலே பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றிலே அமர்ந்திருந்த ஆறு குடியர்கள், ஒருவருக்கொருவர் துணையாகக் குடியை விட்டுவிடுவதென்று முடிவு செய்தார்கள். வாஷிங்டன் பெயரால் சங்கம் கண்டார்கள். சில ஆண்டுகளிலே இலட்சக்கணக்கானோர் உறுதிமொழியில் ஒப்பமிட்டார்கள். 1842 பிப்ரவரி 22ஆம் நாள், ஸ்பிரிங்பீல்டு நகரிலே அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் இளைஞர் ஆபிரகாம் லிங்கன் பேசினார்: குடிக்கு இரையாகாதவர்கள் தப்பியது பெரும்பாலும் அந்த வேட்கை இல்லாததால்தான், அறிவிலோ ஒழுக்கத்திலோ உயர்ந்தவர்கள் என்பதால் அல்ல என்ற கருத்தை அஞ்சாமல் எடுத்துரைத்தார். அப்படிப்பட்ட சங்கம் பத்தாண்டு நிலைக்கவில்லை. அரசியல்வாதி வந்தார், மேடைப் பேச்சாளர் வந்தார், மதுவிலக்குச் சட்டம் வேண்டும், வேண்டாம் என்ற சண்டை வந்தது. குடியர் பின்வரிசைக்குப் போனார். பிறகு வாசலுக்குப் போனார். ஆக்ரன் காரர்கள் வரலாற்றுப் பாடம் படித்தவர்கள். 1950இலே ஏற்றுக்கொண்ட தங்கள் மரபுகளிலே, வெளி விவகாரம் எதிலும் கருத்துக் கூறுவதில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஆகவே மதுவிலக்குப் போர் நம் தெருவில் நடக்கட்டும். அந்த அறைக்குள்ளே கொடி நுழைய வேண்டாம், சுவரொட்டி நுழைய வேண்டாம், பொன்னாடை நுழையவே வேண்டாம்.

பகுத்தறிவாளர் கேட்பார்: "அந்தப் பன்னிரண்டு படிகளிலே கடவுள் பேச்சு வருகிறதே?" வருகிறது. அவரவர் உணர்ந்தவாறு என்று அவர்களே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கடவுள் மறுப்பாளர் பலர் அங்கே குழுவின் பலத்தையே தம்மினும் பெரிய ஆற்றலாகக் கொண்டு மீண்டிருக்கிறார்கள். அதுவும் ஒவ்வாதென்றால் கடவுள் பேச்சே இல்லாத குழுக்களும் உண்டு. 1994 முதல் நடந்துவரும் 'ஸ்மார்ட் ரெக்கவரி' அவற்றில் ஒன்று. எரிகிற வீட்டிலே தண்ணீர் யார் கிணற்றிலிருந்து வந்தது என்று விசாரணை வைப்பது அறிவுடைமை ஆகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இரண்டு மூன்று நாளிலே வலிப்பு வரலாம்; சித்தம் கலங்கலாம்; உயிரும் போகலாம். முதல் வாரம் மருத்துவருடையது. நம்மவருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே நடுக்கத்தைத் தணிக்க மருந்து உண்டு. உடலிலே வற்றிப்போன வைட்டமின் சத்தை ஏற்றுவார்கள். அதைவிட்டு, குடியை நிறுத்துகிறோம் என்று பலகை மாட்டி, சங்கிலியும் பிரம்பும் வைத்திருக்கும் இடங்களுக்கு அழைத்துப் போகாதீர்கள். நம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரிலே 2023 பிப்ரவரியிலே என்ன வெளிவந்தது? மனநலம் குன்றியவர், ஆதரவற்றவர், குடிக்கு அடிமையானவர் என்று நூற்றுக்கும் மேற்பட்டோரை ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த விடுதியிலிருந்து அதிகாரிகள் அவர்களை மீட்டார்கள். அடித்ததாகவும் வதைத்ததாகவும் புகார்கள். காணாமற் போனவர்களைப் பற்றி வழக்கு. அரசாங்கம் விட்ட இடத்திலே இப்படித்தான் முள் முளைக்கும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகும். 2025இலே 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். நல்ல பெயர், நல்ல காரியம். ஆனால் மாவட்டங்கள் 38. 2023இலே ஐந்நூறு கடையை மூடியபின் மிஞ்சிய கடைகளோ 4,829. 2024-25இலே மது தந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். நாளொன்றுக்கு 132 கோடி! இருநூறு கடைக்கு ஒரு கலங்கரை என்றால் கப்பல் எந்தப் பாறையில் மோதும் என்று கேட்கவும் வேண்டுமா? அந்த 25க்குள்ளே சென்று பத்து நாள் படுத்து, தெளிந்து, பேருந்தேறித் தொண்டூருக்குத் திரும்பி வருகிறவரை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் உறவினர் வந்து பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் பழைய கூட்டாளி தெருமுனையில் நின்று கையசைக்கிறான். மாலை ஆறு மணி. அந்த ஆறு மணிக்கு அவர் எங்கே போவார்? அரசின் கோப்பிலே அந்த ஆறு மணிக்கு இடம் இல்லை.

செஞ்சியிலே இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்று. தனித்தனியே விட்டால் ஆடு மேயும் குன்றுகள். மதில் ஓடி மூன்றையும் பிணைத்தது. 1690 முதல் 1698 வரை முகலாயப் பெரும்படை முற்றுகையிட்டுக் காத்துக் கிடந்தது. நம் தொண்டூர்க்காரரைத் தனிக்குன்றாக விட்டுவிட்டு, "ஏன் விழுந்தாய்?" என்று கேட்கிறோம்.

"சிற்றூரிலே பெயரை மறைத்துக் கூடுவது எப்படி? நாலு தெருவும் நாலு பேரை அறியுமே!" என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அவர் சாலையோரம் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்தது. வேட்டி விலகியதைச் சிறுவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். விழுந்ததற்கு இல்லாத மறைவு எழுவதற்கு வேண்டுமென்றால், பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போகட்டும். அந்த ஊர்க்காரர் இங்கே வரட்டும். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எந்த இடத்தில் கூடுவது? கோயில் மண்டபம் என்றால் ஒரு தெருவார் வர முடியாது. சாதிச் சங்கக் கட்டடம் என்றால் மற்றவர் வர மாட்டார். மெத்தனால் சாதி கேட்டுக் கொல்லவில்லை. மீட்பு மட்டும் சாதி கேட்குமா? ஆகவேதான் அரசாங்கக் கட்டடம் வேண்டும் என்கிறோம். ஊரும் காலனியும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே வரிசை நாற்காலியிலே அமர உரிமையுள்ள கட்டடம்.

கேட்பது 48,000 கோடியில் பங்கு இல்லை. ஊராட்சிதோறும் ஓர் அறை, வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மின்விளக்கு. அந்த அறைக்கு வருவோரின் பெயரைக் கேட்டு எழுதும் அதிகாரி இருக்கக் கூடாது. ஆரம்பச் சுகாதார நிலையத்து மருத்துவர், வந்த நோயாளியிடம் அந்த அறையின் இடமும் நேரமும் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுக்க வேண்டும். கடையிலே புட்டி வாங்குகிறவன் கண்ணில் படும்படி அதே இடமும் நேரமும் கடை வாசலிலே எழுதப்பட வேண்டும். மீண்டு சில ஆண்டுகள் ஆனவர்கள் வேற்றூரிலிருந்து வந்து முதல் கூட்டங்களை நடத்தித்தர, பேருந்துக் கட்டணம் கூட அவர்கள் கேட்பதில்லை.

சட்டமன்றத்திலே இதை எழுப்ப வேண்டியவர்கள் எழுப்பட்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தொண்டூர்த் தோழர்களே, உங்களைத்தான் அழைக்கிறேன். அன்று கற்படுக்கை செதுக்கிக் கொடுத்த ஊர் உங்களுடையது. பள்ளிக்கூடம் ஞாயிறு மாலையிலே பூட்டித்தான் கிடக்கிறது. சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. இன்றே போய்க் கேளுங்கள். கரைவேட்டியை மாற்றிக்கொண்டு போங்கள்.